மீனுக்கு நேர்ந்த அவல்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலத்துக்கு ஏழு மைல். பஸ் கட்டணம் ஆளுக்கு இரண்டணா. அங்கிருந்து மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு மாட்டுவண்டி. வண்டிச்சத்தம் பன்னிரண்டணா கேட்டார்கள், பத்தணாவுக்குப் படிந்தது. கொல்லிமலைக்கு அந்நாளில் ரோடு கிடையாது. காரவள்ளியோடு சக்கரம் நின்றுவிடும். அப்புறம் ஒற்றையடிப் பாதைதான். யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு, ஒரு புரட்டாசியில், காலாண்டுப் பரீட்சை விடுமுறைக்கு நானும் என் மனைவி பாவாயியும் அப்படிப் புறப்பட்டோம். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன்.

போனது ஊர் பார்க்க அல்ல. அந்த வைகாசியில் எனக்கு விஷக்காய்ச்சல் கண்டு, வைத்தியர் கையை விரித்துவிட்டார். அன்று பாவாயி கொல்லிமலை அறப்பளீசுவரரை வேண்டிக்கொண்டாள்: நான் எழுந்து நடந்தால், கோயிலை ஒட்டி ஓடும் ஆற்று மீன்களுக்கு இரண்டு படி அவல் போடுவதாக. அந்த மீன்களைச் சாமியாகவே நினைப்பார்கள், யாரும் பிடிப்பதில்லை. அறுத்துச் சட்டியில் போட்ட மீன் மறுபடி ஒட்டிக்கொண்டு ஆற்றில் குதித்ததாக ஒரு கதையும் உண்டு. நான் எழுந்து நடந்துவிட்டேன். நேர்ந்ததில் குறை வைத்தால் காய்ச்சல் திரும்பி வரும் என்பது அவள் நம்பிக்கை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் மலை பார்க்க ஆசை இருந்தது.

என்ன சாப்பாடு கட்டுவது என்பதில்தான் தொடங்கியது. புரட்டாசியில் மலையில் சாமை அறுப்பு ஆகியிருக்காது. அங்குள்ளவர்களுக்கே பானை அடிதட்டும் மாதம். விருந்தாளிக்கு அளந்து போட எங்கும் இராது. நான்கு நாளுக்கு வேண்டியதை நாமே சுமக்க வேண்டும். பாவாயி புளிச்சோறும் தயிர்ச்சோறும் என்றாள். சோறு என்பது பாதிக்குமேல் தண்ணீர், மலையில் தண்ணீருக்கு என்ன பஞ்சம், தண்ணீரைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போவார்களா என்று நான் கேட்டேன். துருவப் பிரதேசத்துக்குப் போனவர்கள் ஒவ்வொரு சாமானையும் எடைபோட்டுத்தான் எடுத்துப் போனார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். அது தலைக்கேறியிருந்தது.

மளிகைக் கடைத் தராசை இரவல் வாங்கி வந்தேன். முறுக்கு இடத்தை அடைக்கும், நொறுங்கும், தள்ளினேன். தேங்காய்க்கு ஓடு பாரம், தள்ளினேன். பாவாயி அந்தத் தேங்காயைத் துருவி, ஈரம் போகச் சிவக்க வறுத்து, மிளகாயும் உப்பும் வைத்து இடித்து, ஒரு பிடி பொடியாகக் கொண்டுவந்து தட்டில் வைத்தாள். அதை எடுத்துக்கொண்டேன். பொட்டுக்கடலை மாவு, அச்சுவெல்லம், புளி உருண்டை. எல்லாவற்றுக்கும் மேலாக அவல். ஆளுக்கு நாளைக்கு அரைப்படி வீதம் சின்னத் துணிகளில் தனித்தனியே முடிந்தேன். அவளுக்கு நாலு முடிச்சு, எனக்கு நாலு. மீனுக்கு நேர்ந்த இரண்டு படியை அவள் குளித்துவிட்டு வந்து மஞ்சள் துணியில் கட்டிவைத்தாள்.

மொத்த எடை ஐந்து வீசைக்குள், இன்றைய கணக்கில் ஏழு கிலோவுக்குள், அடங்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு வரம்பு வைத்திருந்தேன். தராசு கொஞ்சம் மிஞ்சி நின்றது. அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்த நேரம் மஞ்சள் துணியை அவிழ்த்து, ஒரு படி அவலை எடுத்து, அடுக்குப்பானையின் அடிப்பானையில் கொட்டிவிட்டேன். பழையபடியே கட்டி வைத்தேன். ஒரு படி அவல் என்ன பெரிய பாரம் என்று கேட்பீர்கள். பாரமே இல்லை. மூட்டைக்குள் என் தடித்த பூகோளப் புத்தகம் ஒன்று இருந்தது. அதை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. மீனுக்குப் படிக்கணக்கு தெரியுமா என்று நினைத்துக்கொண்டேன். சரியாக அந்த வார்த்தைகளைத்தான் நினைத்தேன்.

முதல் நாள், காலை எட்டு மணி. காரவள்ளியில் சடையன் என்ற மலைக்காரர் கூலிக்கு வர ஒப்புக்கொண்டார். மலைமேல் ஊர்க்கூட்டங்களை நாடு என்பார்கள்; அவர் வாழவந்தி நாட்டுக்காரர், உப்பு வாங்க இறங்கியவர், திரும்பிக்கொண்டிருந்தார். நாளைக்கு நாலணா. மூட்டையைத் தூக்குமுன் ஒரு தலையளவு ராகிக்களியை உட்கார்ந்து முழுதும் சாப்பிட்டு முடித்தார். வழிக்கு வேண்டாமா என்று கேட்டேன். "வவுத்துல வச்சுக்கிட்டாத் தலையில சொமக்க வேண்டியதில்லீங்க" என்றார்.

மஞ்சள் மூட்டையை மட்டும் பாவாயி யாரிடமும் தருவதாக இல்லை. தலையில் வைத்தாள். இறக்கினாள். கையில் ஏந்தி நின்றாள். மறுபடி வைத்தாள். சும்மாடு சரியில்லையோ என்று நான் கேட்டேன். "சரியாத்தானுங்க இருக்குது" என்றாள்.

ஏற்றம் செங்குத்து. பாதை சில இடங்களில் பாறைமேல் படி மாதிரி ஏறும். சில இடங்களில் மரவேரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பதினோரு மணிக்கு ஒரு சுனையில் உட்கார்ந்து என் முடிச்சை அவிழ்த்தேன். ஒரு கை தண்ணீர் தெளித்து, வெல்லத்தை நொறுக்கிப் போட்டு, கால் நாழிகையில் சாப்பாடு. அடுப்பில்லை, புகையில்லை. நான் பெருமையாகப் பார்த்தேன். பாவாயி ஒரு துண்டு வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தாள்.

"மேடு ஏறுனா எனக்குப் பசிக்காதுங்க."

மாலையில் சோளக்காடு வந்து, செம்மேடு தாண்டினோம். செம்மேட்டில் அன்று சந்தையில்லை. ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. காற்றில் மிளகுக்கொடியின் ஈர வாசனை. வாழவந்தி நாட்டில் சடையனின் தங்கை வெள்ளையம்மாள் வீட்டில் தங்கினோம். அளந்து போட சாமை இல்லையென்று அவளுக்கு வருத்தம். மண்ணில் புதைத்து வைத்திருந்த பலாக்கொட்டையை எடுத்துச் சுட்டுத் தந்தாள். பாவாயி அதை ஆசையாகத் தின்றாள். நான் அவலைத் தின்றேன். வெள்ளையம்மாள் என் முடிச்சுகளைக் கையில் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"இம்புட்டு லேசான சோத்தத் தின்னா, காத்தடிச்சா வாத்தியாரு பறந்துருவாரு. ஒரு கவுத்துல கட்டி வையி அம்மிணி."

"கட்டித்தான் வச்சிருக்கறனுங்க," என்றாள் பாவாயி. எல்லாரும் சிரித்தோம். நானும்.

இரண்டாம் நாள் விடியும்போதே மழை. நடுப்பகலில் விட்டுவிட்டது. மேகம் பள்ளத்தில் இறங்கி, மலைகள் தலையைக் காட்டின. கோயிலுக்கு இன்னும் எட்டு மைல்; இப்போது கிளம்பினால் இருட்டுமுன் சேர்ந்துவிடலாம் என்றார் சடையன். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"இன்னைக்கு வேண்டாங்க," என்றாள் பாவாயி. "நாளைக்குக் காலைல போலாம்."

எனக்குக் கோபம் வந்தது. வேண்டுதலைச் சீக்கிரம் முடிக்கவேண்டும் என்று மூன்று மாதமாகப் பறந்தவள் அவள். என் கணக்கில் ஒரு நாள்தான் உபரி. அதை இப்படி வீணாக்கலாமா என்றேன். கால் வலிக்கிறது என்றாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் கால் வலி என்று சொல்லி நான் கேட்டதில்லை. பொய் என்று தெரிந்தது. எதற்கான பொய் என்று தெரியவில்லை. தங்கினோம். அன்றும் அவளுக்குப் பசி இல்லை. வெள்ளையம்மாள் தந்த பலாக்கொட்டையோடும் ஒரு மலைவாழைப் பழத்தோடும் முடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை நடந்தோம். ஓர் ஓடையைத் தாண்டிக் கரை ஏறும்போது பாவாயி தடுமாறி மண்டியிட்டாள். மூட்டையைத் தலைக்குமேல் இரு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டே விழுந்தாள். சடையன் வாங்கக் கை நீட்டினார், கொடுக்கவில்லை. காய்ச்சலில் கிடந்து எழுந்த நானே நடக்கிறேன், உனக்கென்ன என்று நான் கேட்டேன். இதை எழுதக் கூசுகிறது. ஆனால் கேட்டேன்.

பத்து மணிக்குக் கோயில். கீழே அருவி விழும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. சாமி கும்பிட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு வந்தோம். பாவாயி பூசாரி வீட்டில் அளக்கும் படியும் ஒரு முறமும் இரவல் வாங்கி வந்தாள். அளந்துதான் போட வேண்டும் என்றாள். ஒரு படியோடு துணி காலியாகும்; அவள் என்னைப் பார்ப்பாள்; என்ன சொல்வது? எலி, பூச்சி, ஓட்டை விழுந்த துணி என்று பொய்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

முதல் படியை அளந்து, கையால் தலைதட்டி, முறத்தில் கொட்டினாள். துணிக்குள் மறுபடி கையை விட்டாள். இரண்டாம் படியும் நிறைந்தது. தலைதட்டாமல் கோபுரமாக நிறைந்தது.

நான் எடுத்த அவல் வீட்டில் பானைக்குள் இருந்தது. இந்த அவல் எங்கிருந்து வந்தது? அப்போதுதான் பார்த்தேன். அவள் இடுப்பில் இரண்டு சின்னத் துணிகள் மடித்துச் செருகியிருந்தன. நான் முடிந்து கொடுத்த துணிகள். முதல் நாளுடையதும் இரண்டாம் நாளுடையதும். ஒரு நாள் மட்டும் பட்டினி கிடந்திருந்தால் அரைப்படிதான் சேர்ந்திருக்கும்; இரண்டாம் நாளும் முழுதாகக் கழிந்தால்தான் அந்த நாள் முடிச்சு மிச்சம் என்பது அவள் கணக்கு. மழை விட்ட பிறகும் அவளுக்குக் கால் வலித்தது ஏன் என்று புரிந்தது.

மீன்கள் கரையோரம் வாயைத் திறந்துகொண்டு குவிந்தன, கரிய, கைநீள மீன்கள். பாவாயி முழங்காலளவு தண்ணீரில் நின்று பிடிபிடியாகப் போட்டாள். என்னிடம் அல்ல, தண்ணீரிடம் சொன்னாள்: "கொறையில்லாமப் போட்டுட்டன் சாமி. அவரை நல்லா வெச்சிரு."

கரையேறிப் பாறைமேல் உட்கார்ந்து மூன்றாம் முடிச்சை அவிழ்த்தாள். தண்ணீர் தெளித்தாள். அவல் ஊறக்கூட அவளால் பொறுக்க முடியவில்லை. என் முடிச்சிலிருந்து பாதியை அவள் பக்கம் தள்ளினேன்.

"அது உங்களுக்கு அளந்ததுங்க," என்று திருப்பித் தள்ளினாள்.

இறங்கியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெள்ளையம்மாள் ஒரு பொட்டலம் மிளகு கொடுத்தாள். காரவள்ளியில் சடையனுக்குக் கூலியோடு என் பூகோளப் புத்தகம் கட்டியிருந்த நல்ல துண்டையும் கொடுத்தேன். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தேன். மலைமுழுக்க ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. வீடு வந்ததும் முதல் வேலையாக அந்த அடிப்பானையைக் காலி செய்துவிட வேண்டும் என்று வண்டியில் வரும்போதே நினைத்திருந்தேன். களைப்பில் படுத்துத் தூங்கிவிட்டேன்.

காலையில் பாவாயி எனக்கும் தனக்கும் இலை போட்டாள். வீட்டில் என் எதிரே அப்படி அவள் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டது அதுவே முதல் தடவை. ஊறவைத்த அவல், வெல்லம், நிறையத் தேங்காய்த் துருவல். குண்டான் விளிம்புவரை இருந்தது. ஒரு படி அவலாவது இருக்கும். அடுக்குப்பானை கலைந்து கிடந்தது. அடிப்பானை கழுவிக் கவிழ்த்திருந்தது.

"பாரமே இல்லாத சோறுங்க," என்றாள். "சாப்புடுங்க."

சாப்பிட்டேன். சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தேன். அவள் இன்னொரு கரண்டி போட்டாள். வாய் நிறைய அவல் இருந்ததைச் சாக்காக வைத்துக்கொண்டு விட்டுவிட்டேன். பிறகு முப்பது வருஷம் அவள் என்னோடு இருந்தாள். ஒரு நாளும் நான் வாய் திறந்து சொல்லவில்லை. ஒரு நாளும் அவள் கேட்கவில்லை. அந்தக் காய்ச்சலும் திரும்பி வரவில்லை.