பிட்டர் மாணிக்கம் மீது நான் சொன்ன பொய்

நேற்றுக் காலை மருந்துச் சாலையில் ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். "பிட்டர் மாணிக்கம் தவறிட்டாருங்க" என்று வந்து சொன்னார்கள். உயிரோடிருந்தவரை நான் அவரைப் பேர் சொல்லியே கூப்பிட்டேன். இன்றுதான் 'அவர்கள்' என்று எழுதுகிறேன்.

நாடு சுதந்திரம் பெற்ற வருடம் இறம்பொடைப் பக்கத்துத் தோட்டத்துக்கு மருந்து கொடுப்பவனாக வந்தேன். மாணிக்கம் அவர்கள் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். மழை பிடித்தால் என் மோட்டார் சைக்கிள் நின்றுவிடும். அவர்கள்தான் பிளக்கைத் துடைத்துப் பார்த்தார்கள். கார்புரேட்டரில் தண்ணீர் தேடினார்கள். கடைசியில், "இஞ்சின்ல கோளாறு இல்லீங்கய்யா. மேக்னட்டோவுக்குள்ள ஈரம் எறங்குது, பொறி வரமாட்டேங்குது" என்று, பழைய டியூப்பை வெட்டி அதற்கு உறை போட்டார்கள். அந்த மழைக்காலம் முழுக்க வண்டி நிற்கவில்லை.

உறை பார்க்க அசிங்கமாக இருந்தது. நுவரெலியாவில் ஒரு கல்யாணத்துக்குப் போகையில் கழற்றினேன். திரும்பப் போடவில்லை.

மறுவாரம் மேல் லயத்துத் தொழிலாளர் வீடுகளிலிருந்து ஆள் ஓடிவந்தது. பார்வதிக்குப் பிரசவ வலி, பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். கொட்டும் மழை. பாதி ஏற்றத்தில் வண்டி நின்றது. உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்து, நடந்தே போனேன். தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

தோட்டத்தை நடத்தும் துரை விசாரித்தார். "பிட்டர் வண்டியைச் சரியாகப் பார்க்கவில்லை" என்றேன். பக்கத்தில் நின்ற மாணிக்கம் அவர்கள் உறையில்லாத மேக்னட்டோவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து அவர்களுக்கு மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலை.

"ஏன் மாணிக்கம் உண்மையச் சொல்லல?" என்று பிறகு கேட்டேன்.

"சொன்னா ஒங்கள அனுப்பிருவாங்கய்யா. வேற ஆளு வர்ற வரைக்கும் லயத்துச் சனத்த யாரு பாப்பா?"

அப்போதாவது துரையிடம் போயிருக்கலாம். போகவில்லை. கவ்வாத்துக் கத்தி பட்ட காலோடு அவர்கள் எத்தனையோ முறை என்னிடம் வந்தார்கள். மருந்து போட்டு அனுப்பினேன், அவ்வளவுதான்.

நேற்றுச் சாவு வீட்டில் அவர்களுடைய மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியுங்கய்யா, அன்னைக்கே சொன்னாரு. பார்வதிக்குத்தான் தெரியாது. இத்தன வருசமா இவரத்தான் சபிக்கிறா. இன்னைக்கும் வரல பாருங்க."

பார்வதியின் வாசலுக்குப் போய் நின்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு மழையில் சாவு வீட்டுக்கு நடந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. மாணிக்கம் அவர்களுடைய காலைப் பிடித்தவள், பாடையைத் தூக்குகிற நேரம் வந்தும் விடவில்லை.

போய் வாருங்கள், மாணிக்கம் அவர்களே. உங்கள் காது கேட்கும் காலத்தில் இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.