மலைச் சணப்பு

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். இதை நானே சொல்லலாம், என் மனைவி சொன்னால் பிடிக்காது. ஆனால் இந்த விஷயத்தில் நான் கத்திய கத்தலையெல்லாம் பின்னால் திரும்ப விழுங்க வேண்டி வந்தது. அதனால் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் நான் பட்டாளத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். இமாசலத்தில் குலு பக்கம் ஒரு மலைச்சாலையில் வண்டியின் அச்சு முறிந்து போயிற்று. சாமான் வந்து சேரப் பதினோரு நாள் ஆகும் என்றார்கள். வண்டியை விட்டுப் போகக் கூடாது. சாலைக்கு மேலே ஒரே ஒரு வீடு. அந்த வீட்டம்மா என்னைக் கையால் கூப்பிட்டு, மாட்டுக்கொட்டகைக்கு மேல் இருந்த அறையில் படுக்க இடம் கொடுத்தாள். ஐம்பது வயதிருக்கும். கணவன் இல்லை. நான் அவளை அம்மா என்றேன், அவள் என்னை பேட்டா என்றாள். பதினோரு நாளில் ஒரு நாள்கூட என்னைப் பட்டினி போடவில்லை, மகராசி.

வீட்டுக்குக் கீழே படிப்படியாக இறங்கும் நிலத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு செடி நின்றது. கை விரலை விரித்தாற்போல இலை. வாசனையைப் பிடித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, கஞ்சா! எங்கள் ஊரில் சாமியார்கள் சுருட்டிப் புகைப்பதைப் பார்த்தவன்தானே நான். அங்கே அதை யாரும் ஒளித்து வைக்கவில்லை. பனி உருகியதும் விதைப்பார்கள், மாட்டுச் சாணம் நிறையப் போடுவார்கள், மறுபடியும் பனி விழுவதற்குள் அறுத்துவிட வேண்டும். நான் போயிருந்தது அந்த அறுப்பு நேரம். அம்மாவும் அறுப்புக்கு வந்த பக்கத்து ஊர்ப் பெண்களும் வெயில் ஏறிய பிறகு பூக்கொத்தை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து மெல்லத் தேய்ப்பார்கள். கையில் கறுப்பாக ஒட்டுவதைச் சுரண்டி உருட்டினால் அதுதான் புகைக்கிற சரஸ். நானும் தேய்த்துப் பார்த்தேன். என் கையில் பச்சைச் சாறுதான் வந்தது. அம்மா என் புறங்கையில் ஓர் அடி போட்டு, "இது உன் லாரி ஸ்டியரிங் இல்லை" என்றாள்.

சரஸ் எனக்கு வேண்டியதில்லை, ஒரு பீடி இழுத்தாலே இருமுவேன். தண்டை ஓடையில் ஊறப்போட்டு நார் உரித்து, அந்த நாரில் செருப்புப் பின்னுவார்கள். தோல் கிடையாது என்பதால் அதைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்கே போகலாம். அதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. என்னை மயக்கியது விதைச் சட்னி. விதையை இரும்புச் சட்டியில் வறுத்தால் கடுகு மாதிரி வெடிக்கும். உப்பு, பச்சை மிளகாய், புளிப்புக்குக் காய்ந்த காட்டு மாதுளை, எல்லாம் வைத்து அம்மியில் அரைப்பாள். ஐயோ! அதைத் தொட்டுக்கொண்டு அவர்கள் ரொட்டி தின்றார்கள். நான் மனதுக்குள் இட்லி தின்றேன்.

கிளம்பும்போது கொஞ்சம் விதை கேட்டேன். அம்மா கொஞ்சம் யோசித்தாள். பக்கத்து ஊர்களில் இருப்பதெல்லாம் நேரம் கழித்து முற்றுமாம், பாதி விதை பனியில் போய்விடுமாம். பனிக்கு முன்னால் முற்றுவது இவள் வீட்டு விதை மட்டும்தான். அவள் மாமியார் காலத்திலிருந்து பிரித்து வைத்த இனம். யாருக்கும் கொடுத்ததில்லை. எனக்கு மூன்று கைப்பிடி துணியில் முடிந்து கொடுத்தாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பட்டாளத்தை விட்டு ஊருக்கு வந்தேன். கவரைப்பேட்டைக்குக் கிழக்கே எங்களுக்கு நெல் நிலம். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் டிரைவர் வேலையும் கிடைத்தது. ரயிலில் போய் வருவேன். வந்த மறுநாளே துணி முடிச்சை மனைவியிடம் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். அவள் என் மாமன் மகள்.

"இன்னா மாமா இது?"

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். கஞ்சா என்று சொன்னால் கிணற்றடி வரைக்கும் போய்விடுமே என்று பயம். "அது மலைச் சணப்பு. நார் எடுப்பாங்க" என்றேன்.

சித்திரையில் முடிச்சை வாங்கி, நாற்றங்காலுக்குப் பக்கத்தில் ஐந்து சென்ட் கொல்லையில் மொத்தத்தையும் விதைத்தேன். முளைத்தது. அந்தப் பனிநாட்டுச் செடி நம் வெயிலைப் பார்த்து என்ன நினைத்ததோ, முழங்கால் உயரத்திலேயே பூ எடுத்துவிட்டது. அதற்கே எனக்குத் தலைகால் புரியவில்லை. ஷிப்ட் முடிந்து வந்ததும் நேராகக் கொல்லைக்குப் போய் நிற்பேன். ஒரு நாள் யாரும் பார்க்காதபோது உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தும் பார்த்தேன். வேர்வைதான் வந்தது. பரவாயில்லை, இன்னும் ஒரு மாதம் போனால் விதை, விதை வந்தால் சட்னி என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆனியில் ஒரு நல்ல மழை. அன்றைக்கு எனக்கு இரண்டு ஷிப்ட். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் கொல்லை சேறாகக் கிடக்கிறது. ஒரு செடி இல்லை.

"ஏம்மே! இன்னாமே பண்ண?"

"ஏரு வந்துது, மடக்கி உழச் சொன்னேன். சணப்புன்னு நீதான சொன்ன? பூ வந்தா உழத்தான செய்வாங்க?"

அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. எங்கள் பக்கத்தில் நெல் போடுகிறவர்கள் எல்லோரும் சணப்பு விதைப்பது நாருக்காக இல்லை, உரத்துக்காக. பூ எடுத்த உடனே சேற்றில் மடக்கி உழுதுவிட வேண்டும், விதை பிடிக்க விட்டால் தண்டு முற்றி மட்காது. அவள் சரியான நாளில் சரியாகத்தான் செய்திருந்தாள். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். நாஷ்டாவைத் தொடாமல் ரயிலுக்குப் போனேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"ரெண்டு சாண் செடிக்கு இவ்ளோ பேஜாரா?" என்று அவள் சுவரிடம் கேட்டாள். சுவரும் பதில் சொல்லவில்லை.

அந்த வருஷம் கொல்லையில் போட்ட நெல் நன்றாகவே விளைந்தது. அதையும் முறைத்துக்கொண்டே தின்றேன்.

தை மாதம் ஒரு கடிதம் வந்தது. இந்தியில் யாரிடமோ சொல்லி எழுதியிருந்தாள் அம்மா. என் பட்டாளத்து முகவரிக்குப் போய்ச் சுற்றி வந்திருந்தது. அறுப்புக்கு முன்பே கல்மழை கொட்டிச் செடி மொத்தமும் படுத்துவிட்டதாம். சேமித்து வைத்திருந்த பழைய விதையாவது இருக்கிறதே என்று இருந்தாளாம். பனி பாரத்தில் அதை வைத்திருந்த அறையின் கூரை இடிந்து, விதை நனைந்து அழுகிப் போயிற்றாம். 'என் வீட்டு விதை இப்போது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது பேட்டா. ஒரு பிடி இருந்தாலும் அனுப்பு. பனி உருகுவதற்குள் வர வேண்டும்.'

படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பதினோரு நாள் சோறு போட்டவள். யாருக்கும் கொடுக்காததை எனக்குக் கொடுத்தவள். அதை ஒரு பொய் சொல்லிச் சேற்றில் மிதிக்க விட்டேனே! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனைவி பயந்துபோய் ஓடி வந்து, யார் செத்தது என்று கேட்டாள்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சா என்பதையும் சொன்னேன். அவள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு ஏணியை எடுத்துப் பரணில் சாய்த்து ஏறினாள். நெல் விதைப் பானைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கலயத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வாயைச் சாணம் பூசி அடைத்திருந்தது. உடைத்து முறத்தில் கொட்டினாள். சாம்பல், காய்ந்த நொச்சி இலை, அதற்கு நடுவே சாம்பல் நிறத்தில் வரி வரியாக அந்த விதை. ஒரு கைப்பிடி இருந்தது.

"இது எப்டிமே?"

"நீ மூட்டைய குடுத்த அன்னிக்கே எடுத்து வெச்சேன். இந்த ஊட்டுக்குள்ள இன்னா விதை வந்தாலும் மொதல் கைப்பிடி பானைக்கு. நெல்லா, எள்ளா, கஞ்சாவான்னு கேட்டுக்கினா எடுத்து வைப்பாங்க?"

"அன்னிக்கு நான் அந்தக் கத்து கத்துனேனே, அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"கத்தற ஆளுகிட்ட இன்னாத்த சொல்றது? நீயா வந்து கேப்பன்னு இருந்தேன்."

அவள் காலில் விழுந்திருக்கலாம், அவ்வளவு நிம்மதி. அவள் சாம்பலைப் புடைத்து, விதையைப் புதுத் துணியில் தைத்துக் கொடுத்தாள். மறுநாள் கும்மிடிப்பூண்டி தபாலாபீசில் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடிதத்தில் எதையும் மறைக்கவில்லை. என் பொய், உழுதது, நான் கத்தியது, அவள் எடுத்து வைத்தது, எல்லாம் என் ஓட்டை இந்தியில். மனைவியிடம் நேரில் கேட்காத மன்னிப்பை ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறவளுக்கு எழுதினேன்.

அடுத்த மார்கழியில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே நாரில் பின்னிய செருப்பு ஒரு ஜோடி, பெண்கள் அளவு. கூடவே ஒரு விதைப் பொட்டலம், ஒரு துண்டுக் காகிதம். 'விதை முளைத்தது. இது அந்தச் செடியின் நார்தான். எடுத்து வைத்தவளுக்குக் கொடு.'

"எனக்கு ஒண்ணும் அனுப்பலியா?" என்றேன்.

"நீ சொன்ன பொய்க்கு இதாலயே ரெண்டு போடச் சொல்லி எழுதலியேன்னு சந்தோஷப்படு." மார்கழிக் குளிரில் செருப்பைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நாலு நடை நடந்து பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

சட்னி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கை பொட்டலத்துக்குள் போய்விட்டது. முதல் கைப்பிடி கலயத்துக்குப் போகும் வரை வாயை மூடிக்கொண்டு நின்றேன். மீதியை அவளே வறுத்தாள். காட்டு மாதுளைக்கு எங்கே போவது, புளி வைத்து அரைத்தாள். இட்லியில் தொட்டு ஒரு வாய் தின்றுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதுக்கா அன்னிக்கு அந்தக் கத்து கத்துன?"

"ஆமாம்மே" என்று தட்டை நீட்டினேன். இன்னும் இரண்டு இட்லி வைத்தாள்.