அடைக்கோழி அக்கா

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அக்காவின் இயற்பெயர் கடந்த ஆண்டு இறுதிச் சடங்கிற்கு வந்தபோதுதான் தெரிந்திருக்கும். மலாக்காவின் செங் வட்டாரத்தில் அவரை ‘அடைக்கோழி அக்கா’ என்று சொன்னால்தான் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். தொடக்கத்தில் அந்தப் பெயர் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. பிறகு தொலைபேசியை எடுத்தால் அவரே அப்படித்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

சுங்கை ரம்பாய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், நான்கு பிள்ளைகளில் மூத்தவராக அக்கா பிறந்தார். நான் கடைசி. அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா புல் வெட்டினார். அக்கா மூன்றாம் படிவத்தில் இருந்தபோது அப்பா லோரியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவரால் மரத்தடியில் குனிய முடியவில்லை. அக்கா பள்ளிச் சீருடையை மடித்துத் தங்கைக்குக் கொடுத்துவிட்டுத் தொழிற்சாலை பஸ் ஏறினார். நாங்கள் மூவரும் படித்து முடித்தது அந்தப் பஸ்ஸால்தான். அதைப் பற்றி அக்கா ஒருநாளும் பேசியதில்லை. நாங்கள் பேசினாலும் பேச்சை மாற்றிவிடுவார்.

லோரி ஓட்டுநரான மாமாவைத் திருமணம் செய்துகொண்டு, செங்கில் ஒரு தாமானின், வீடமைப்புக் குடியிருப்பின், மூலை வீட்டில் குடியேறினார். பக்கத்தில் பத்தடி அகலத்துக்கு மண் இருந்தது. அக்காவோடு ஒரே வரிசையில் நின்று வேலை செய்த ஒரு மக்சிக் (மலாய்க்காரப் பெரியம்மா), தாமானுக்குப் பின்னால் உள்ள கம்போங் என்னும் மலாய்க் கிராமத்தைச் சேர்ந்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது ஒரு ஜோடி காத்திக் கோழிகளைப் பரிசாகக் கொடுத்தார். காத்திக் என்றால் குட்டைக்கோழி. புறாவைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். முட்டையும் சிறியது, கறியும் இல்லை. “இத வச்சு என்னாடி பண்ணப்போற?” என்று மாமா கேட்டார். அக்காவுக்கும் அப்போது தெரியாது.

அந்த ஜோடியில் பெட்டை மூன்றாம் மாதமே அடைக்கு உட்கார்ந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்காத சாதி அது. எத்தனையோ பேர் வீட்டில் பெரிய கோழிகள் முட்டையிட்டுவிட்டு எழுந்து போய்விடும், அடை காக்காது. அவர்கள் முட்டையைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் வர ஆரம்பித்தார்கள்.

அக்கா இதைச் சும்மா பொழுதுபோக்காகச் செய்யவில்லை. தொழிற்சாலையில் மின்னணுச் சில்லுகளைச் சோதித்த அதே கண்ணோடு செய்தார். ஒரு கோழி கூட்டில் படுத்திருந்தால் மட்டும் அதை அடைக்கோழி என்று ஒப்புக்கொள்ள மாட்டார். அடியில் கையை விடுவார். சிறகை விரித்து, ‘கொர்ர்’ என்று உறுமிக் கொத்த வேண்டும். மறுநாளும் அதே இடத்தில் அப்படியே இருக்க வேண்டும். அதன் பிறகுதான் முட்டை. அதற்கு முன் சிறகடியில் சாம்பல் தூவிப் பேன் இல்லாமல் செய்வார். காத்திக் முட்டை என்றால் ஏழு, பெரிய கோழியின் முட்டை என்றால் ஐந்து. அதற்கு மேல் ஒன்றுகூட வைக்க மாட்டார். “ஓரத்துல இருக்கறது குளுந்து போயிடும். நாளைக்கு அது உள்ள போயி வேற ஒண்ணு ஓரத்துக்கு வரும். பேராசப்பட்டா அத்தனையும் போச்சு,” என்பார். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் கோடு. கோடில்லாத முட்டை கூட்டில் இருந்தால் வேறு கோழி வந்து இட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம், உடனே எடுத்துவிடுவார். நாளுக்கு ஒருமுறை கோழியைத் தூக்கித் தீனிக்கும் தண்ணீருக்கும் விடுவார். ஏழாம் நாள் குளியலறை ஜன்னலைத் துணியால் மூடி, டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பார்ப்பார். உள்ளே சிவப்பு நரம்பு ஓடினால் உயிர். வெறுமனே தெளிவாக இருந்தால் கூமுட்டை. வைக்க முட்டை இல்லாத நேரத்தில் அடைக்கு வந்த கோழியைக் கம்பிக்கூடையில் காற்றுப்பட மூன்று நாள் தொங்கவிட்டு அடை தெளிய வைப்பார். பாவம் பார்த்து விட்டுவிட்டால் அது பட்டினியிலேயே இளைத்துப்போகும் என்பது அக்காவின் கணக்கு.

இனி, எங்கள் குடும்பம் என்றும் பெருமையோடு சொல்லும் சம்பவத்துக்கு வருகிறேன்.

பின் வரிசை வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத் தமிழர். பக்கவாதம் வந்த மனைவியைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டவர். அக்காவின் சேவல் விடியுமுன் கூவுவதால் மனைவி விழித்துக்கொள்கிறார் என்று நகராண்மைக்கு எழுதிப் போட்டார். நகராண்மைக் கழகத்திலிருந்து அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மாமா சண்டைக்குப் போகக் கிளம்பினார். அக்கா தடுத்து, சேவலை மக்சிக் வீட்டில் கொண்டுபோய் விட்டார். ஆனால் அவருக்கும் ரோஷம் இருந்தது. இரண்டு வருடம் அந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு நாள் காலை, முந்திய மாலைப் புயல்மழையில் கம்பம் சாய்ந்து வட்டாரம் முழுக்க மின்சாரம் இல்லாத நேரம், அந்தத் தலைமையாசிரியர் கேக் பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல் கேட்டருகே நின்றார். அன்று எனக்கு ஓய்வு நாளாக இருந்ததால் நானும் அங்கே இருந்தேன்.

“பிள்ளை, உங்கட வாசலுக்கு வர எனக்கு முகமில்லை,” என்றார்.

பெட்டியில் பதினொரு முட்டைகள். அவர் மனைவி நல்ல உடல்நிலையில் இருந்தபோது வளர்த்த கோழிகளின் வழி வந்தவை. இரண்டு வாரத்துக்கு முன், அவற்றை விட்டுவைத்திருந்த நண்பரின் தோட்டத்தில் தெருநாய்கள் கூண்டை உடைத்து ஒன்றுவிடாமல் கொன்றுவிட்டன. எஞ்சிய முட்டைகளைப் பொரிக்கும் இயந்திரத்தில் வைத்திருந்தார். இப்போது மின்சாரம் போய், கூரை ஒழுகி, இயந்திரமும் நனைந்துவிட்டது. அன்று பன்னிரண்டாம் நாள்.

“மனிசி ஒவ்வொரு நாளும் கேக்கிறா, பொரிச்சிட்டுதோ எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?”

அக்கா முட்டை ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்திருக்கிறது. “உள்ள வாங்க சார்,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போனார். ஒவ்வொன்றாக டார்ச் முன்னால் பிடித்தார். நான் பக்கத்தில் நின்றேன். ஒன்றில் அசைவே இல்லை. மற்ற பத்திலும், கறுப்பு நிழல் போலிருந்த குஞ்சு மெல்ல, மிக மெல்ல அசைந்தது.

“உசுரு இருக்கு சார்.”

அப்போது அக்காவிடம் அடையில் இருந்தது ஒரே கோழி. அதன் அடியில் ஏழு காத்திக் முட்டைகள், வைத்து மூன்று நாளாகியிருந்தன. அக்கா அந்த ஏழையும் எடுத்து வெளியே வைத்தார். மாமாவுக்குத் தாங்கவில்லை.

“நம்ம முட்டைய எடுத்துப் போட்டுட்டு அந்தாளு முட்டைய வைக்கிறியா?” என்றார், தலைமையாசிரியருக்குக் கேட்கும்படியாகவே.

“இது மூணு நாளு. அது பன்னெண்டு நாளு. ரெண்டுத்துல எது போனா மனசு கேக்காது, நீங்களே சொல்லுங்க,” என்றார் அக்கா.  பிறகு மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தது மாமாதான். பெரிய முட்டையில் ஐந்துதான் ஒரு கோழிக்கு அடங்கும்; மீதி ஐந்துக்கு இன்னொரு கோழி வேண்டும். மக்சிக் வீட்டில் ஒன்று அடையில் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் “அம்பிக் லா!”, எடுத்துக்கொண்டு போ என்று கோழியைக் கூடையோடு தூக்கிக் கொடுத்துவிட்டார்.

சாரோங் போர்த்திக் கொண்டுவந்தும், அந்தக் கோழி புது இடத்தில் உட்கார மறுத்தது. எழுந்து எழுந்து நடந்தது. அக்கா வெந்நீர்ப் போத்தலைத் துண்டில் சுற்றி, அதைச் சுற்றி ஐந்து முட்டைகளையும் வைத்து மடியில் வைத்துக்கொண்டார். இருட்டாக்கிய குளியலறையில், கோழியைக் கூடையில் விட்டு, அதன் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று அவருக்கு மதிய ஷிப்ட். பல வருடங்களாக முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர். வருகைக்கான நற்சான்றிதழ்கள் வீட்டுச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தன.

“காய்ச்சல்னு சொல்லு லா, டாக்டர்கிட்ட எம்.சி. சீட்டு வாங்கிக்கலாம்,” என்றார் மாமா.

“எனக்குக் காய்ச்சல் இல்லையே,” என்ற அக்கா, மேற்பார்வையாளருக்குப் போன் செய்து, கோழியை அடை வைக்க வேண்டியிருக்கிறது, நாளை வருகிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அந்த வருடத்துச் சான்றிதழ் சுவரில் இல்லை.

பிற்பகல் மூன்று மணி வாக்கில் கோழி தானாகப் போய்க் கூட்டில் படுத்தது. அக்கா ஒவ்வொரு முட்டையாக அதன் அடியில் தள்ளினார். கடைசி முட்டையை அது அலகாலேயே உள்ளே இழுத்துக்கொண்டது. வெளியே வந்த அக்காவின் முதுகு நிமிரவில்லை. ஆனால் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை என் திருமணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

குளிர் பட்டதாலோ என்னவோ, ஒரு நாள் தாமதமாகத்தான் பொரித்தன. பத்தில் எட்டு. தலைமையாசிரியர் மனைவியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். அக்கா ஒரு குஞ்சை எடுத்து அந்த அம்மையாரின் நல்ல கையில் வைத்தார்.

“சூடா இருக்கு, பாருங்கோ,” என்றார் அம்மையார். 

“சேவலைத் திருப்பிக் கொண்டு வாங்கோ பிள்ளை. நான் எழுதினது பிழை,” என்றார் தலைமையாசிரியர்.

“வேணாம் சார். அம்மா தூங்கணும்,” என்றார் அக்கா.

நோய் வந்த பிறகும் அக்கா தளரவில்லை. சிகிச்சைக்கு மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளிலும் கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். நடமாட முடியாமல் போனபோது, எந்தக் கோழி யாரிடம் போக வேண்டும் என்று அவரே பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுத்தார். கடைசி மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். வலி இருந்தது, புலம்பல் இல்லை.

அந்த நாள்களில் அக்காவை மகள்போல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், இரத்தம் கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாதபோது எல்லோருக்கும் சாப்பாடு அனுப்பிய கோயில் மாதர் குழுவினருக்கும், மாமாவைத் தனியே விடாமல் இன்றுவரை தினமும் எட்டிப்பார்க்கும் தாமான் மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டுகிறோம்.

நன்றி சொல்லும் இடத்தில் நான் ஒரு தப்பையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் திருமணப் பேச்சின்போது, பெண் வீட்டார் படித்தவர்கள், அவர்கள் முன்னால் கோழிக் கதையெல்லாம் எடுக்காதே என்று அக்காவிடம் சொன்னவன் நான். அவர் தலையாட்டிவிட்டு, சொன்னபடியே இருந்தார். அது இருபது வருடமாக என் நெஞ்சில் முள்ளாக இருந்தது. ஆஸ்பத்திரியில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“அட போடா. ஒன் மாமியாரு கல்யாணத்துக்கு முந்தியே என்னத் தேடி வந்து ரெண்டு அடைக்கோழி வாங்கிட்டுப் போயிட்டாங்க. அவங்கதான் ஒங்கிட்ட சொல்லாதீங்கன்னாங்க.”

சொல்லிவிட்டு, வலியையும் மீறிச் சிரித்தார்.