புளி போட்டு மினுக்கிய காப்பு

நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்து வெண்கலக் காப்புகள் இருக்கின்றன. நான்கில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். ஐந்தாவது மட்டும் கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டதுபோல மினுங்கும். அதன் கீழே 'கண்டெடுத்தவர்: உள்ளூர்க் கமக்காரர்' என்று ஒரு சிறு அட்டை. ஒவ்வொரு வருடமும் என் வகுப்புப் பிள்ளைகளோடு அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறேன். மற்ற நான்கைப் பற்றியும் நிறையக் கதைப்பேன். ஐந்தாவதுக்கு வந்ததும் நேரம் போய்விட்டது என்பேன்.

அந்தக் கமக்காரரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மகள் என்னிடம் வரலாறு படித்தாள். வலிகாமத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவருடைய தோட்டம். வாழைக்குக் கிடங்கு வெட்டும்போது, உடைந்த பானை ஓடுகளுக்கு நடுவே அந்தக் காப்பு அகப்பட்டது. மண்ணோடு அப்படியே ஒரு பால்மாத் தகரப்பேணிக்குள் வைத்து, சைக்கிளில் என்னிடம் கொண்டுவந்தார்.

"ரீச்சர், உதிலை சீலை இழை மாதிரி ஏதோ தெரியுது. கழுவாமல், அறிஞ்ச ஆக்களுக்குக் காட்டுங்கோ" என்றார். சைக்கிளில் ஏறப் போனவர் திரும்பி, கொஞ்சம் வெட்கத்தோடு, "என்ரை பேரையும் போடுவினமோ?" என்று கேட்டார். கட்டாயம் போடுவார்கள் என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. எங்கள் பக்கத்தில் ஆட்கள் வருகிறார்கள் என்றால் வீட்டிலுள்ள பித்தளையும் வெண்கலமும் வெளியே வந்துவிடும். பழப்புளியும் சாம்பலும் போட்டு முகம் தெரியும்வரை தேய்ப்போம். குத்துவிளக்குக் கறுத்துக் கிடந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் பேச்சு. கண்காட்சிக்கு முதல்நாள் பள்ளிக்கூடக் குத்துவிளக்குகளை வீட்டுக்குக் கொண்டுவந்து குசினியில் தேய்த்தபோது, அந்தக் காப்பையும் சேர்த்துத் தேய்த்தேன். பச்சை முழுவதும் புளித்தண்ணீரோடு கரைந்து போனது. உள்ளிருந்து மஞ்சள் வெளிவந்ததும் பெருமைப்பட்டேன். அண்ணை சொன்ன இழை அப்போது நினைவுக்கு வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. தோட்டம் கொத்துகிறவருக்கு உதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

கண்காட்சியன்று காப்பை நடுமேசையில் வைத்து, வந்தவர்களுக்கு விளக்கம் கொடுத்தேன். கல் எல்லாருக்கும் பொதுவாகக் கிடந்தது, குனிந்தவன் எடுத்துத் தீட்டினான். உலோகம் அப்படியல்ல. செம்பு எந்தப் பாறையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும், உருக்க நெருப்பு வேண்டும், வெண்கலமாக்கத் தூரதேசத்து வெள்ளீயம் வேண்டும். சுண்ணக்கல்லைத் தவிர வேறொன்றும் இல்லாத எங்கள் மண்ணுக்கு இந்தக் காப்பு கடல் கடந்துதான் வந்திருக்கும். வாங்க வசதியுள்ளவர் அணிந்தார், மற்றவர் வெறுங்கையோடு நின்றார். காப்புப் போட்ட கை நீட்டிச் சொன்னது நியாயமாயிற்று, வெறுங்கைக்காரர் சொன்னதைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. இப்படி நான் சொன்னபோது அதிபர்கூடத் தலையாட்டினார். அண்ணையும் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு ஒரு ஓரமாக நின்று கேட்டார். காலில் தோட்டத்துச் செம்மண் காயாமல் இருந்தது.

சிறிது நேரத்தில் நகரத்திலிருந்து ஒரு ஆய்வாளர் வந்தார். காப்பை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. துணியில் சுற்றிப் புதைத்த வெண்கலத்தில், துணி உக்கிப் போனாலும் அதன் நெசவு களிம்பில் பதிந்து நிற்கும் என்றார். இங்கே இருந்தவர்கள் என்ன துணி உடுத்தார்கள் என்பதற்கு அது ஒன்றே சாட்சியாக இருந்திருக்கலாம். "இதை ஆர் தேய்ச்சது?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவருடைய கண் நேரே அந்தச் செம்மண் கால்களுக்குப் போனது. "ஏன் ஐயா இப்பிடிச் செய்தனீங்கள்?"

அண்ணை என்னை ஒரு தரம் பார்த்தார். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

"பிழைதான் சேர்" என்றார் அவர்.

ஆய்வாளர் காப்பை நூதனசாலைக்கென்று எடுத்துக்கொண்டார். வெளியே போன அண்ணையை வாசலில் மறித்தேன். நான் வாய் திறக்கமுன் அவரே பேசினார். "பறவாயில்லை ரீச்சர். நீங்கள் பிள்ளையளுக்கு முன்னாலை நிண்டு படிப்பிக்கிற ஆள். நான் நாளைக்கும் மண்ணைத்தானே கொத்தப்போறன்." அவர் திட்டியிருந்தால் அன்றைக்கே அதிபரிடம் போய் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. மன்னித்துவிட்டதால் எனக்கு வசதியாகப் போயிற்று.

ஊர் அவரை மன்னிக்கவில்லை. 'புளியர்' என்று பட்டம் வைத்தது. "எங்கடை குத்துவிளக்கையும் ஒருக்கா மினுக்கித் தாருமன்" என்று சந்தியில் பகிடி பண்ணுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே சைக்கிளை மிதிப்பார். நான் அந்தச் சந்தியால் போவதை விட்டு, சுற்றுவழியால் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினேன். போன வருடம் அவர் காலமானார். செத்தவீட்டு வாசலிலும் ஒருவர் மற்றவரிடம், "பாவம், புளியர் போயிட்டார்" என்றார். இன்றாவது மகளிடம் சொல்லிவிடுவோம் என்று போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா உங்களைப்பற்றி எப்பவும் நல்லாத்தான் சொல்லுவார் ரீச்சர்" என்று அழுதாள். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன்.

போன மாதம் மறுபடியும் நூதனசாலைக்குப் போனோம். ஒரு மாணவி, ஏன் இது மட்டும் மினுங்குகிறது என்று கேட்டாள். அங்கே விளக்கம் சொல்லும் தம்பி, "கண்டெடுத்த கமக்காரர் புளி போட்டுத் தேய்ச்சிட்டாராம்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். என் வாய் தன்பாட்டில் திறந்தது.

"இல்லை. அதை நான்தான் தேய்ச்சனான்."

ஒரு கணம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு முன்னையைவிடப் பலமாகச் சிரித்தார்கள். "ரீச்சர் பகிடி விடுறா!" என்றாள் அந்த மாணவி. அவர் செய்யாததைச் செய்தார் என்றபோது ஒருவரும் சந்தேகப்படவில்லை. நான் செய்ததைச் செய்தேன் என்றபோது ஒருவரும் நம்பவில்லை. இன்னொரு தரம், அழுத்திச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். கண்ணாடிக்குள் அந்த மஞ்சள் காப்பைப் பார்த்தேன். பிள்ளைகளோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.