ரப்பர் துகள்கள்

சட்டக்கல்லூரி நுழைவுத்தேர்வுக்கு நான் இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்த திருவொற்றியூர் நூலகத்தில் அந்த அக்காவைச் சந்தித்தேன். கழுத்தில் கன்டெய்னர் யார்டின் அடையாள அட்டை, ஷிப்ட் முடித்துச் சிவந்த கண்கள். அவருக்கு அது நான்காம் முயற்சி. எனக்கோ இதுவே கடைசி வாய்ப்பு. தவறினால் அப்பாவின் கடையில் உட்கார வேண்டும்.

தினமும் வந்து அமர்ந்ததும், பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் சென்ற ஆண்டு பென்சிலால் குறித்த விடைகளை ரப்பரால் அழிப்பார். அழித்த இடத்தில் பள்ளம் மிஞ்சும். அதைத் தடவிப் பார்த்துவிட்டு மீண்டும் விடை குறிப்பார்.

விவாதப் போட்டி மேடைகளில் கோப்பை வென்ற செருக்கோடு, "புதுப் புத்தகம் வாங்கலாமேக்கா?" என்றேன்.

"புச்சு வாங்குனா, போன வாட்டி எங்க கவுந்தேன்னு எப்டிப்பா தெரியும்? உன் பழைய புக்கு எங்க கீது?"

"பழைய பேப்பர் கடையில போட்டுட்டேன்."

"தோத்தது ஊருக்குத் தெரியாம இருக்கட்டும், நைனா. உனுக்குமா தெரியக்கூடாது?"

நான் என் புதுப் புத்தகத்தைத் திறந்தேன்.

அவர் ரப்பர் துகள்களை ஊதினார். அவை கறையே இல்லாத என் புத்தகத்தின்மேல் விழுந்தன. சென்ற ஆண்டும் இதே பாடத்தைப் படித்திருந்தேன். எந்தக் கேள்வியில் தவறினேன் என்பது மட்டும் நினைவில் இல்லை.