கால் அங்குலம்

சிம்பாங் பூலாயில் ரவிக்கை தைத்த அந்த அக்கா, பேசும்போது முகத்தைப் பார்க்கமாட்டார். தோளையும் இடுப்பையும் கண்ணால் அளப்பார். எனக்கு அது பிடிக்காது. ஆனாலும் காலமான என் கணவரின் கைலிகளை ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டி, மகனுக்குப் போர்வை தைக்க அவரிடம்தான் கொடுத்தேன். தையலுக்கு ஓரத்தில் கால் அங்குலம் மட்டும் உள்ளே மடித்து விடச் சொன்னேன்.

வந்த போர்வை ஒரு சாண் குறைந்திருந்தது. திருடிவிட்டார் என்றே நினைத்தேன்.

"மீதித் துணி எங்கக்கா?"

"உள்ளதான் இருக்கு. திருப்பிப் பாரும்மா."

எல்லாத் தையலிலும் அரை அங்குலத்துக்கு மேல் விட்டிருந்தார்.

"ரவிக்கைன்னா உடம்பு பெருத்தா பிரிச்சு விடலாம். போர்வை பெருக்குமாக்கா?"

அவர் கண் பக்கத்தில் நின்ற என் மகனைத் தலையிலிருந்து கால்வரை அளந்தது.

"பையன் வளருவான்லா."

கைப்பழக்கத்தில் செய்த தவறை மறைக்கிறார் என்று நினைத்தேன். போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சில வருடங்களில் அவன் பாதங்கள் போர்வைக்கு வெளியே வந்தன. எல்லாத் தையலையும் பிரித்து, கால் அங்குலத்தில் நானே தைத்தேன். பிரித்த இடங்களில் கைலியின் நிறம் மங்காமல் இருந்தது. பாதங்கள் மூடின.

அவர் தெரிந்தே விட்டாரா, என் கோபத்தைப் பார்த்து அந்த நொடியில் பதிலைக் கண்டுபிடித்தாரா? எனக்கு இன்னும் சந்தேகம்தான்.