அறுபது சிசி வண்டியில் ஒட்டிய நூற்றுப்பத்து

ஆயில் கலந்த பெட்ரோல் புகை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் இருமலுக்கு முன்னால் வெட்கம் வந்துவிடும், காது மடல் சுடும். நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியிருந்தபோது அப்பாவிடம் கைமாறி வந்த, கியர் இல்லாத ஒரு சின்ன ஸ்கூட்டர் இருந்தது. அறுபது சிசி. திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறைக்குப் போகும் வழியில் என்னை மேற்குத் தாம்பரத்துப் பள்ளியில் இறக்கிவிடுவார்.

வேளச்சேரி சாலையின் சமதரையில் அது 'ஜம்முனு' ஓடும். ரயில்வே மேம்பாலத்தின் அடிக்கு வந்ததும் முனகத் தொடங்கிவிடும். "எறங்கிக்கம்மா" என்பார் அப்பா. நான் புத்தகப் பையோடு ஓரமாக நடந்து ஏற, அவர் பாலத்தின் உச்சியில் காத்திருப்பார். "சமதரையில எல்லா வண்டியும் ராஜாதான், மேடு வந்தாதான் சிசி தெரியும்" என்பார். இன்ஜினுக்குள் எவ்வளவு காற்றும் பெட்ரோலும் பிடிக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அது இழுக்கும் என்பதை, "சின்ன வாய்க்குச் சின்னக் கவளம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

பத்தாம் வகுப்பில் ஆளை எடைபோட எங்களுக்கு இருந்த கேள்வி, "உங்க வண்டி எத்தினி சிசி?" என்பதுதான். நூறுக்குக் கீழே சொன்னால், "அது வண்டியாடி, மிக்ஸியா?" என்பார்கள். நான் நூற்றுப்பத்து என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு நிற்காமல், ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் '110' என்று ஒரு ஸ்டிக்கர் வாங்கி வண்டியின் பக்கவாட்டில் ஒட்டியும் வைத்தேன். அன்று மாலை அப்பா அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்து, "நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருக்கலாம், நான் பிழைத்திருப்பேன்.

கணக்குப் பரீட்சை அன்று, தினமும் பஸ்ஸில் வரும் என் தோழி ஸ்டெல்லா எங்கள் வாசலில் வந்து நின்றாள். "நூத்திப்பத்துதானே, மூணு பேரை இழுக்கும். நான் பஸ்ஸை வுட்டுட்டேன் அங்கிள்" என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் நின்றேன். அடுத்த பஸ்ஸுக்கு நேரமில்லை. அப்பா எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டார்.

பாலத்தின் அடியில் அவர் "எறங்கிக்கம்மா" என்று சொல்லவில்லை. சொன்னால் என் குட்டு உடைந்துவிடும் என்று நினைத்திருப்பார். பாதி மேட்டில் வண்டி திணறி நின்றுபோனது, உதைக்க உதைக்கக் கிளம்பவில்லை. "இன்னா சார், இதுல மூணு பேரா? ஓரமா தள்ளு சார்" என்று ஆட்டோக்காரர் ஒருவர் கத்திவிட்டுப் போனார். சட்டையெல்லாம் நனைந்திருந்த அப்பா ஸ்டெல்லாவிடம் சொன்னார்: "பிளக்குல அடைப்பும்மா. மத்தபடி நூத்திப்பத்து, நல்லா இழுக்கும்."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். நானும் ஸ்டெல்லாவும் பள்ளிக்கு ஓடினோம். பரீட்சை தொடங்கிக் கால்மணி நேரம் கழித்துத்தான் உள்ளே போனோம். ஸ்டெல்லாவுக்குக் கடைசிக் கணக்கைத் தொட நேரமில்லை. வெளியே வந்து, "பாவம்டி உங்கப்பா, பிளக்கை மாத்தச் சொல்லு" என்றாள். அப்போதும் நான் தலையைத்தான் ஆட்டினேன்.

அந்த வண்டி எடைக்குப் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. சிறுசேரிக்கு நான் தினமும் வேலைக்கு ஓட்டிப் போகும் மின்சார ஸ்கூட்டருக்கு சிசி என்ற ஒன்றே கிடையாது, புகையும் கிடையாது. போன வாரம் அப்பாவைக் கண் டாக்டரிடம் காட்டப் பின்னால் உட்கார வைத்து அதே பாலத்துக்கு வந்தேன். ஏற்றம் தொடங்கும் இடத்தில் என் தோளைத் தொட்டார்.

"எறங்கிக்கட்டாம்மா?"

"வேணாம்ப்பா, உக்காருங்க" என்றேன். மன்னிப்பு அப்போதும் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. வண்டி முனகாமல் மேலே ஏறிவிட்டது.